தண்டல்காரர் வைத்திருக்கும் கார்டு

2005 நவம்பர் 14, திங்கள்

மழை. விடவே இல்லை. பாத்தியெல்லாம் தண்ணீர். தை பிறக்கும் வரை உப்பள வேலை கிடையாது, கூலியும் கிடையாது.

வாங்க: மண்ணெண்ணெய், தலைவலி மாத்திரை, பாப்பாவுக்கு நோட்டு.

தண்டல்காரர் தவணைக்கு வந்தார். போன மாதம் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் என்று 2000 வாங்கியது. கைக்கு வந்தது 1700. வாரம் 200, பத்து வாரம். ஈடு, ரேஷன் கார்டு. கையில் காசில்லாத மழைக்காலத்தில் கார்டு சும்மாதானே கிடக்கும் என்று நானே எடுத்துக் கொடுத்தேன். பக்கத்து வீட்டு ஜெயாவையும் கூட்டிப்போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நவ. 21, திங்கள்

தவணை கட்டவில்லை. அபராதம் 50. "மழ பெஞ்சா நான் இன்னாம்மா பண்றது?" என்றார். குடைக்குள் நின்றுகொண்டு.

டிச. 2, வெள்ளி

தூறல். மழை நிவாரணமாம். கார்டுக்குப் பணம், அரிசி. எங்கள் தெருவில் பாதிக் கார்டு அந்த ஆளிடம்.

ஜெயா: "நல்ல மனுஷன்னு நீதானக்கா இட்டுக்கினு போன."

தண்டல்காரரிடம் கார்டைக் கேட்டேன். "ரேஷன் கடைக்கு நானே எடுத்துக்கினு வர்றேம்மா. நீ கையெழுத்து போட்டா போதும்." பணம் அவருக்காம், அரிசி எனக்காம். பெரிய தர்மப்பிரபு.

டிச. 5, திங்கள்

ரேஷன் கடை வரிசை, மூன்று மணி நேரம். ரப்பர் பேண்டு போட்ட கார்டுக் கட்டோடு தண்டல்காரர் மேஜையை ஒட்டி நின்றார். என் பெயர் வந்ததும் கார்டை வைத்தார், பணத்துக்குக் கை நீட்டினார். நான் கையெழுத்துப் போடவில்லை.

"என் கார்டு இவருகிட்ட எப்பிடி வந்துதுன்னு கேளுங்க சார்."

பின்னால் ஜெயா: "என்னுதும் அதுலதான் இருக்குது சார்."

மேஜையில் எழுதிக்கொண்டிருந்த அதிகாரி நிமிர்ந்தார். கட்டை மேஜையில் வைக்கச் சொன்னார். கார்டு, பணம் இரண்டும் என் கையில்.

பணம் அரிசிப் பானைக்குள். கார்டு தலையணை அடியில். கூரைக்குக் கீற்று போடலாம். பாப்பாவுக்குச் செருப்பு.

டிச. 6, செவ்வாய்

வெயில். கீற்று விலை கேட்டுவிட்டு வந்தேன். கார்டைக் காணவில்லை.

வீட்டுக்காரர்தான். நான் அந்தப்பக்கம் போனதும் தண்டல்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். "அடுத்த மழைக்கு யாருடி தருவா? அவுருதான தரணும்." எனக்காக மன்னிப்பும் கேட்டாராம்.

பானைக்குள் கைவிட்டுப் பார்த்தேன். அரிசிதான் இருக்கிறது.

இன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை.