தொட்டிக்குள் காற்றும் வாயருகில் ஓர் ஆளும் வேண்டி

அனுப்புநர்:
வெல்டர் (‘டிரம்’ என்று கேட்டால்தான் பட்டறையில் கைகாட்டுவார்கள்),
இரும்புத் தொட்டிப் பட்டறை,
கிடங்குத் தெருக் கடைசி.

பெறுநர்:
தொழிற்சாலை ஆய்வாளர் அவர்கள்,
ஆய்வாளர் அலுவலகம்.

பொருள்: தொட்டிக்குள் கேஸ் கட்டிங் செய்தபோது என் மச்சான் மேல் தீப்பிடித்தது – திங்கட்கிழமை அதே தொட்டிக்குள் இன்னோர் ஆளை இறக்க இருப்பது – அதற்கு முன் தாங்கள் வந்து நிறுத்தக் கோருவது.

மதிப்புக்குரிய ஐயா,

1. வெட்கத்தை விட்டு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்று தொட்டிக்குள் இறங்க வேண்டியவன் நான். தொட்டியின் வாய் ஓர் ஆள் நுழையும் அளவு. நான் ஒன்றரை ஆள். இடுப்போடு மாட்டிக்கொண்டேன். மச்சானும் பட்டறைப் பெயிண்டரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்து எடுத்தார்கள். மச்சான் என்பது என் மனைவியின் தம்பி. “மாமா, தொப்பையைக் கழட்டி வெளிய வெச்சிட்டு வந்தாத்தான் ஆகும். நானே போறேன்” என்றான். பட்டறையே சிரித்தது, நானும் சிரித்தேன். அவன் இறங்கினான்.

2. துருப்பிடித்த அடித்தகட்டை உள்ளே இருந்து வெட்டி எடுப்பதுதான் வேலை. சிலிண்டர்கள் வெளியே நிற்கும், குழாய் மட்டும் உள்ளே போகும். உள்ளே புகையும் வெக்கையும் சொல்லி முடியாது. காற்று ஊத ஒரு ஃபேன் வேண்டும் என்று பல தடவை கேட்டோம். “அதான் குழாயிலயே ஏசி வருதே” என்பது முதலாளியின் பதில்.

3. இந்த ‘ஏசி’ என்னவென்று தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். குழாய் நுனியில் இருக்கும் வெட்டுகிற டார்ச்சில் ஆக்சிஜனை மட்டும் திறந்து சட்டைக்குள் விட்டுக்கொண்டால் ஜில்லென்று இருக்கும். வியர்வை காயும். உடம்புத் தூசியையும் அதிலேயே தட்டிக்கொள்வோம். எங்கள் பட்டறையில் எல்லோரும் செய்வதுதான், முதலாளியும் பார்த்துக்கொண்டேதான் போவார். மூச்சு விடுகிற காற்றுதானே என்று இருந்துவிட்டோம். அது துணியில் ஊறி நிற்கும், தொட்டிக்குள் தங்கும், ஒரு பொறி விழுந்தால் ஆளே பஞ்சாகப் பற்றிக்கொள்வான் என்று சிலிண்டர் வண்டிக்காரர் சொன்னார். சொன்னது எல்லாம் முடிந்த பிறகு.

4. தொட்டி வாயருகில் நான் காவல் நின்றேன். தகடு லாரி வந்தது. “டிரம்மு, அங்க என்ன தொட்டிக்குத் தாலாட்டா பாடுற? வந்து தகடு இறக்கு” என்று முதலாளி கூப்பிட்டார். “போங்க மாமா, நான் கொஞ்சம் ஏசி போட்டுக்கறேன்” என்று உள்ளே இருந்து குரல் வந்தது. போனேன்.

5. திரும்பி வந்தபோது தொட்டி வாய் மஞ்சளாக இருந்தது. வெட்டுகிற வெளிச்சம் அப்படி இருக்காது. ஓடிப்போய் சிலிண்டர்களை மூடினேன். இறங்கப் பார்த்தேன். இடுப்போடு நின்றுவிட்டேன். அவன் கத்துவது என் காலுக்குக் கீழே கேட்டது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. என்னை இழுத்துப் போட்டுவிட்டு, நனைத்த சாக்கோடு இறங்கியது பெயிண்டர். அவர் ஒல்லி.

6. மச்சான் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். நெஞ்சு, கழுத்து, இரண்டு கைகள். நைலான் சட்டை உருகித் தோலோடு ஒட்டிவிட்டது. பிழைப்பானா என்று கேட்டால் டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறார். என் மனைவி, நீங்கள் போக வேண்டிய இடத்துக்கு என் தம்பி ஏன் போனான் என்று இதுவரை என்னைக் கேட்கவில்லை. சோறு போடுகிறாள், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறாள். கேட்டுவிட்டால் தேவலை.

7. ‘தொழிலாளியின் விளையாட்டுத்தனத்தால் நேர்ந்தது’ என்று முதலாளி தங்கள் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்திருப்பதாக அறிகிறேன். ஐயா, அந்தப் பட்டறையில் விளையாடுகிறவன் நான். யாரையும் விட்டுவைத்ததில்லை, முதலாளியின் வழுக்கையைக் கூட விட்டதில்லை. மச்சான் விளையாடவில்லை. அவனுக்கு வெக்கையாக இருந்தது.

8. பாதி வெட்டிய தொட்டி அப்படியே கிடக்கிறது. திங்கட்கிழமை அதற்குள் பெயிண்டரை இறக்கப் போகிறார்கள். அவர் பிரஷ்ஷைத் தவிர எதையும் பிடித்தவர் இல்லை. வாய்க்குள் உடம்பு நுழைகிறது என்பதே அவருடைய தகுதி. மாட்டேன் என்றால் நாளை முதல் வராதே என்று சொல்லியாகிவிட்டது. ஃபேன் இன்னும் வரவில்லை.

ஆகவே ஐயா அவர்கள், திங்கட்கிழமை வேலை தொடங்கும் முன் நேரில் வந்து அந்தத் தொட்டியைப் பூட்டி சீல் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஊதும் ஃபேனும், உருகாத உடுப்பும், முதலாளியே கூப்பிட்டாலும் வாயைவிட்டு நகராத ஓர் ஆளும் வந்த பிறகு திறக்கட்டும். டார்ச் காற்றை உடம்பில் விடக்கூடாது என்று பட்டறைச் சுவரில் பெரிதாக எழுதச் சொல்லுங்கள், எழுத பெயிண்டர் இருக்கிறார். மச்சான் பேரில் இருக்கும் ‘விளையாட்டுத்தனம்’ என்ற வார்த்தையை அடித்துவிட்டு, நடந்ததை எழுதவும் ஆவன செய்ய வேண்டும். அவன் கண் திறந்தால் நான் காட்ட வேண்டும்.

நானே எழுதியது. பிழை இருந்தால் பொறுத்தருளவும்.

இடம்: ஆஸ்பத்திரி வராந்தா
நாள்: வெள்ளிக்கிழமை

இப்படிக்கு,
(கையொப்பம்)
‘டிரம்’, வெல்டர்.

குறிப்பு: இந்த மனுவை நேரில் கொடுக்க வந்தபோது, தங்கள் அலுவலக நுழைவில் உள்ள சுழலும் கம்பிக் கதவில் இடுப்போடு மாட்டிக்கொண்டேன். கதவின் பக்கத்திலேயே தாங்கள் ஓர் ஆளை நிறுத்தியிருந்ததால் உடனே இழுத்து எடுத்துவிட்டார். மனுவின் வலது மூலை கிழிந்திருப்பது அதனால்தான்.