பச்சையில் நிற்கும் பெயர்

2025 ஆகஸ்ட் 4, திங்கள். காலை 9.40. நிலுவையில் உள்ள வீட்டு விசாரணைகள் 212. களப்பணியாளர்கள் ஆறு பேர்.

ஆறு என்பது பேருக்குத்தான். நடப்பில் மூன்று. எங்கள் குழந்தைகள் பாதுகாப்பு மையத்தில் இருவர் இருவராகப் போவதுதான் வழக்கம். குழந்தைத் திருமணமோ, பள்ளிக்கூடத்தை நிறுத்தி மில்லுக்கு அனுப்பிய பிள்ளையோ, எந்தப் புகாராக இருந்தாலும் ஒருத்தர் உள்ளே உட்கார்ந்து பேசுவார், இன்னொருத்தர் வாசலில் வண்டியோடு நிற்பார். நிற்பதற்கு ஒரு ஆளா? புதிதாக ஆள் எடுக்கப் பணமில்லை என்கிறார் மையத்தை நடத்தும் தமிழ்மதி மேடம். எடுக்கவே வேண்டாம், ஜோடியைப் பிரித்தால் போதும் என்று ஒரு மாதமாகச் சொல்லிவருகிறேன். இன்றைக்குத்தான் தலையாட்டினார்.

இனி பாதுகாப்புக்கு, இங்கே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் நான் எழுதிய ஆப் இருக்கிறது. வீட்டுக்குள் நுழையும்போது ‘தொடங்கு’ அழுத்த வேண்டும். என் திரையில் அவர் பெயர் பச்சையாகும். வெளியே வந்ததும் ‘முடி’ அழுத்தி, மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: முடிந்தது, வீட்டில் ஆள் இல்லை, பேச மறுத்தார்கள். இதற்கு மேல் ஒரு விசாரணையில் என்ன நடந்துவிடப் போகிறது?

ஆகஸ்ட் 7, வியாழன்

புதிதாகச் சேருகிறவர்கள் முதல் ஒரு மாதம் பழைய ஆட்களின் பின்னாலேயே வாய் பேசாமல் சுற்றுவார்களாம். அதற்குப் பெயர் பயிற்சியாம்! நாற்பது நிமிட வீடியோ, பத்துக் கேள்வி. அந்த ஒரு மாதத்தை அவ்வளவில் முடித்துவிட்டேன். முதலில் எழுதியவள் ஷப்னம். பேகம்பூர்ப் பெண், சமூகப்பணி படித்தவள், விலகிப்போன ஒருத்தரின் இடத்தில் இந்த வாரம்தான் சேர்ந்தாள். பத்துக்குப் பத்து.

முத்துப்பேச்சி அக்கா பதினைந்து வருடமாக இங்கே களத்தில் இருப்பவர். மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு என்னிடம், “பத்துக்குப் பத்தா? நல்லது அப்பு. நாய் தொரத்துனா வீடியோவத் திருப்பிக் காட்டலாம்ல?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஷப்னமும்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகஸ்ட் 13

நிலுவை 171. திரையில் நிலுவைக் கோடு சரசரவென்று இறங்குகிறது. சும்மாவா?

ஆகஸ்ட் 20, புதன்

ஷப்னம் மேசைக்கு வந்தாள். “சார், உங்க ஆப்பு என் போனக் குடிச்சிருது. மத்தியானத்துக்குள்ள செத்துருது.”

“பவர் பேங்க் வாங்கிக்கங்க.”

“ஆபீஸ்ல குடுப்பீங்களா?”

“இங்க டீக்கே நம்ம கைக்காசு.”

அவள் சொல்வது சரிதான். அரை நிமிடத்துக்கு ஒரு தடவை இடத்தை அனுப்பச் சொல்லி எழுதியிருக்கிறேன். ஐந்து நிமிடமாக மாற்றினால் சார்ஜ் நிற்கும். ஆனால் வரைபடத்தில் அவர்கள் போன பாதை துண்டு துண்டாகத் தெரியும். அடுத்த மாதம் நிதி கொடுப்பவர்கள் பார்க்க வருகிறார்கள். அவர்கள் போன பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

விசாரணையில் இருக்கிறவர்களுக்கெல்லாம் முத்துப்பேச்சி அக்கா போன் போட்டு “எங்கிட்டு இருக்க, சாப்டியா” என்று கேட்கிறார். இன்றைய மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். “உள்ள இருக்கிற ஆளத் தொந்தரவு பண்ணாதீங்க. திரையில பச்சை இருந்தா ஆள் நல்லா இருக்காங்கன்னு அர்த்தம்.”

அக்கா கையிலிருந்த போனைப் பைக்குள் போட்டார். “சரிங்க சார்.”

இதுவரை என்னை அவர் சார் என்று கூப்பிட்டதில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

எழுத ஓடவில்லை.

ஆகஸ்ட் 30, சனி

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். எழுதினாலாவது தலைக்குள் நிற்கிறதா பார்ப்போம்.

வேடசந்தூரைத் தாண்டி ஒரு ஊர். பிளஸ் ஒன் படிக்கும் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார்கள் என்று புகார். நேற்றுக் காலை ஷப்னம் தனியாக ஸ்கூட்டியில் போனாள். பதினொன்றரைக்குள் ‘தொடங்கு’ அழுத்திவிட்டாள். பெண்ணின் சித்தப்பா மரியாதையாக உட்காரச் சொல்லிக் காபி கொடுத்திருக்கிறார். இவள் போனில் ஒன்பது சதவீதம். “சார்ஜர் இருக்குமாண்ணே?” என்று கேட்டிருக்கிறாள். அவர் வாங்கி முன்கட்டில் சொருகினார். “பிள்ள உள்ளதான் இருக்கா, வந்து பேசும்மா” என்று அம்மாக்காரி கூப்பிட்டாள். உள்ளே போனாள். பெண் பக்கத்தில் உட்காரும்போதே பெண்ணை வெளியே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தியிருக்கிறார்கள். ஷப்னம் ஓடிவந்து இடுக்கில் கையைக் கொடுத்தாள். கதவை விடாமல் அழுத்தினார்கள். வலது கையில் மூன்று விரல் நசுங்கிவிட்டது. கையை அவள் இழுத்துக்கொண்டதும் வெளியே கொண்டி போட்டார்கள்.

வீட்டில் எல்லோரும் வேனில் ஏறிப் போய்விட்டார்கள். போன் மட்டும் சார்ஜில் இருந்தது. அவர்கள் வீட்டுக் கரண்டில், அரை நிமிடத்துக்கு ஒரு தடவை, தவறாமல் எனக்குப் பச்சை அனுப்பிக்கொண்டு.

மூன்று மணிக்கு மேடம் கேட்டார், “ஷப்னம் எங்க?” நான் என்ன சொன்னேன்? “விசாரணையிலதான் இருக்காங்க மேடம். இம்புட்டு நேரம் பொறுமையாப் பேசுறாங்க. நல்ல வொர்க்கர்.”

நல்ல வொர்க்கர்! அந்த நேரத்தில் அவள் இடது கையால் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்கு மேல் மில் பஸ்ஸில் ஷிப்ட் முடிந்து இறங்கிய பெண்கள் சத்தம் கேட்டு வந்து கொண்டியைத் திறந்திருக்கிறார்கள். அதற்குள் எங்கேயோ ஒரு கோவிலில் தாலி ஏறிவிட்டது.

பச்சை என்றால் என்ன? ‘தொடங்கு’ அழுத்தியாயிற்று, ‘முடி’ இன்னும் அழுத்தவில்லை. அவ்வளவுதான் நான் எழுதியது. ஆள் நல்லா இருக்காங்கன்னு எங்கடா எழுதுன? எங்கேயும் எழுதவில்லை. வாயால் சொன்னேன். ஆறு பேரும் நம்பினார்கள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டீக்கடையில் முத்துப்பேச்சி அக்கா. அவராகவே ஆரம்பித்தார். “ரெண்டு மணிக்கு அவ நம்பர எடுத்துட்டேன் தம்பி. அழுத்த வேண்டியதுதான் பாக்கி. அப்பப் பாத்து நீ மீட்டிங்ல சொன்னது ஞாபகம் வந்துச்சு. சரி, பச்சையவே பாத்துக்கிட்டுக் கெடக்கட்டும்னு வச்சுட்டேன். உன் மேல இருந்த கோவம். அது போயி அவ கையில விழுந்துருச்சு.”

தப்பு உங்களுடையது இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். டீக்காசைக் கொடுத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

செப்டம்பர் 3

சித்தப்பாவைப் பிடித்துவிட்டார்கள். பெண்ணைக் காப்பகத்துக்குக் கூட்டிவந்தார்கள். கழுத்தில் மஞ்சள் கயிறு. பள்ளிக்கூடப் பை எங்கே என்று மட்டும் கேட்டாளாம்.

செப்டம்பர் 6, சனி

ஷப்னத்தின் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது அவள் அண்ணன் மீரான், தோல் கிடங்கில் வேலை பார்ப்பவர்.

“நீங்கதான் கம்ப்யூட்டர் சாரா? வாங்க, உக்காருங்க. போன்ல சார்ஜ் இருக்கா? இல்லன்னா குடுங்க, உள்ள போட்டுட்டு வாரேன்.”

“அண்ணே, சும்மா இரு” என்றாள் ஷப்னம் உள்ளேயிருந்து. கைக்கட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“உங்க ஸ்கிரீன்ல நான் என்ன கலர்ல இருந்தேன் சார்?”

“பச்சை.”

“பூராவுமா?”

“ம்.”

“அப்ப நல்லாத்தான் இருந்திருக்கேன் போல.” சிரித்தாள். மீரான் எழுந்து வெளியே போய்விட்டார்.

பிறகு அவள்தான் பேசினாள். “பத்துக்குப் பத்து வாங்குனேனே சார். எந்தச் சட்டத்துல எந்தப் பிரிவுன்னு கேட்டிருந்தீங்க. அடுத்தவங்க வீட்டுல போனக் குடுக்காதன்னு அதுல இல்ல. உள்ரூமுக்குப் போகாதன்னு இல்ல. தெரிஞ்சிருக்க வேண்டியதுதான். ஆனா யாராச்சும் கூட ஒரு மாசம் போயிருந்தேன்னா...” நிறுத்தினாள். “அந்தப் பிள்ள என்னப் பாத்ததும் மொத வேலையா எனக்குப் பின்னால வாசலப் பாத்துச்சு. கூட யாரும் வந்திருக்காங்களான்னு. யாரும் இல்லைன்னதும் தலையக் குனிஞ்சுக்கிருச்சு. அந்தப் பார்வைதான் சார் தூங்க விடல.”

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது, “ஆப்பை மாத்திடுறேன்” மட்டும். ச்சே. பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. எழுந்து வந்தபோது அவள் ஏதோ எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

செப்டம்பர் 15, திங்கள்

வேலையை விடுகிறாள். அண்ணனின் போனிலிருந்து பேசினாள். அவள் போன் இன்னும் போலீசிடம் இருக்கிறது. “வேல பிடிக்கும் சார். வீட்ல கூட விட்டுருவாங்க. ஆனா ஒரு கதவு சாத்துற சத்தம் கேட்டாலே எந்திரிச்சு வெளிய வந்துர்றேன். நான் எப்புடி அடுத்த வீட்டுக்குள்ள போவேன்?”

அவள் போன் எப்போது கிடைக்கும் என்று போலீசில் விசாரிக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

மதியம் மேடத்திடம் போனேன். ஜோடியாகவே போகட்டும், புது ஆட்களுக்கு மறுபடியும் ஒரு மாதம் கூடப்போகும் பயிற்சி என்றேன்.

“நிலுவை ஏறுமே பிரான்சிஸ். பாக்க வர்றவங்ககிட்ட என்ன சொல்றது?”

“ஏறட்டும் மேடம். நானே சொல்றேன்.”

“மொதல்லயே இப்படிச் சொல்லியிருக்கலாம்ல?” கோபமாகக் கேட்கவில்லை. தலையாட்டியது தானும்தான் என்பது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

நிலுவை 198. மறுபடி ஏறத் தொடங்கிவிட்டது. அந்தக் கோட்டைப் பார்க்க இப்போது பயமில்லை. நாளை முதல் ஒரு மாதம் முத்துப்பேச்சி அக்காவுக்கு ஜோடி நான். அவரிடம் கேட்டபோது, “நீயா? வெயில்ல நிப்பியா அப்பு?” என்றார். அப்பு என்றார்.

செய்ய வேண்டியவை:

1. காலை ஒன்பது மணி கன்னிவாடி பஸ். வாசலில் நிற்பது என் வேலை. உள்ளே இருக்கும் பிள்ளை எட்டிப் பார்த்தால் தெரிகிற இடத்தில் நிற்க வேண்டும். வாய் திறக்கக் கூடாது.

2. இடம் அனுப்புவதை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை என்று மாற்றியாயிற்று. மீதி ஐந்து பேரின் போனிலும் வந்துவிட்டதா என்று கையில் வாங்கிப் பார்க்க வேண்டும்.

3. பச்சை அரை மணி நேரத்துக்கு மேல் நின்றால் திரை கத்த வேண்டும். கத்தியதும் யாராவது போன் பண்ண வேண்டும். மனுஷக் குரல் கேட்காமல் நிறுத்த முடியாதபடி எழுத வேண்டும்.

4. வீடியோவை அழிக்க வேண்டும்.

5. ஷப்னத்தின் விசாரணை. யாரும் ‘முடி’ அழுத்தாததால் அவள் பெயர் இன்றைக்கும் திரையில் பச்சையாகவே நிற்கிறது. நான்தான் முடித்துவைக்க வேண்டும். முடிந்தது, வீட்டில் ஆள் இல்லை, பேச மறுத்தார்கள் — மூன்றும் பொய். நாலாவதாக ஒன்று சேர்க்க வேண்டும். அதை என்னவென்று எழுதுவது என்று அவளிடமே கேட்க வேண்டும். அதற்கு முன்னால், அன்றைக்குச் சொல்லாமல் வந்ததைச் சொல்ல வேண்டும். அண்ணனின் போனில் அவள் பேச வந்தால்.