ஒற்றை பேட்டரி மணி

மார்ச் 4, செவ்வாய்

மணி மறுபடியும் கரகரக்கிறது. மூன்று பேட்டரியும் புதிதாகப் போட்டு அதிக நாளாகவில்லை. கட்டிலில் இருந்தபடி என் மனைவி பொத்தானை அழுத்தினால் சமையலறையில் கணீரென்று அடிக்க வேண்டும். இன்று ஜலதோஷம் பிடித்த கொசு மாதிரி முனகியது.

தொண்டைப் புற்று வந்து, மூச்சுக்காகக் கழுத்தில் குழாய் வைத்ததிலிருந்து அவளுக்கு இருக்கிற ஒரே குரல் அதுதான். ஒரு காலத்தில் வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டால் அடுத்த தெரு ஆட்டோக்காரர் திரும்பிப் பார்ப்பார். அப்படி ஒரு தொண்டை.

மணியின் முனகலைக் கேட்டுச் சிலேட்டில் எழுதிக் காட்டினாள்: "இதுக்கும் தொண்டை போச்சா?" சிரித்து வைத்தேன். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

மார்ச் 9, ஞாயிறு

நாள் முழுக்கச் சால்டரிங். விரல் சுட்டது, பரவாயில்லை, வேலை முடிந்தது. உடைந்த சி.எஃப்.எல். பல்புக்குள் கிடந்த காந்த வளையத்தில் நானே செம்புக் கம்பி சுற்றினேன். கூடவே ஒரு சின்ன ஐ.சி. சில்லு. அவ்வளவுதான். ஒரே ஒரு பேட்டரியின் ஒன்றரை வோல்ட்டை மணிக்கு வேண்டிய ஐந்தாக ஏற்றிக் கொடுக்கும். பேட்டரி பாதியாக இறங்கினாலும் மணிக்குப் போவது ஐந்து வோல்ட்தான். இனிமேல் முனகல் கிடையாது.

சோதிக்க, சுவர்க் கடிகாரம் வேண்டாமென்று துப்பிய பேட்டரியை எடுத்துப் போட்டேன். காது கிழிந்தது! மச்சினி கரண்டியோடு ஓடிவந்தாள். நான் வேலைக்குப் போனபின் அக்காவைப் பார்த்துக்கொள்வது அவள்தான். "செத்த பேட்டரிய எழுப்பி உக்கார வெச்சுட்டீங்களே மாமா!"

கட்டிலில் இருந்தவள் சிலேட்டை எடுத்தாள். "என்னையும்."

மார்ச் 12, புதன்

மச்சினி பக்கத்து வீடுகளில் எல்லாம் தீர்ந்த பேட்டரி கேட்டு வாங்குகிறாள். பிஸ்கட் டப்பா நிறைந்துவிட்டது. மணி செய்த இந்த ஐயாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

எட்டு மாடிக் கட்டிடத்தில் லிஃப்ட் சர்வீஸ். அபாய மணியின் பேட்டரியை மாற்றும்போது வாட்ச்மேன் வம்புக்கு வந்தார். "நல்லாத்தானே அடிக்குது, எதுக்கு மாத்துறீங்க?"

"அடிக்காம போனதும் மாத்தலாம்னா, உள்ள மாட்டினவன் கதி?" என்றேன். எத்தனை வருஷம் இதே வேலை, இதே பதில்.

ஏப்ரல் 2, புதன்

ஆஸ்பத்திரி. உயிர் இருக்கிறது.

ஏப்ரல் 5, சனி

எழுதினால்தான் தலைக்குள் சுற்றுவது நிற்கும்.

புதன்கிழமை மத்தியானம். குழாயில் சளி அடைத்துக்கொண்டது. பொத்தானை அழுத்தியிருக்கிறாள். அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறாள். மச்சினி அந்த மணிக்குக் கீழேயே நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "ஒரு சின்னச் சத்தம்கூட வரல மாமா. சத்தியமா அங்கதான் நின்னேன். நம்புங்க மாமா." நான் நம்புகிறேன். நம்பாமல் என்ன செய்ய?

மூச்சுக்குத் தவித்து அவள் கை வீசியதில் பக்கத்து ஸ்டூலில் இருந்த டம்ளர் விழுந்திருக்கிறது. அந்தச் சத்தம் கேட்டுத்தான் மச்சினி ஓடினாள். முகம் நீலம்.

காலையில் நான்தானே அழுத்திப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன்? கணீரென்று அடித்ததே! – அடிக்கும். ராத்திரி முழுக்க ஓய்வெடுத்த பேட்டரிக்கு ஒரு அழுத்துக்குத் தெம்பு வரும். அந்த ஒன்றை நான் தின்றுவிட்டுப் போனேன். பேட்டரி இளைக்க இளைக்க என் சர்க்யூட் அதிலிருந்து இன்னும் அதிகமாக உறிஞ்சும். கடைசி வரைக்கும் முழுச் சத்தம், அப்புறம் ஒன்றுமே இல்லை. பழைய மணி முனகியாவது சொல்லிற்று. அந்த முனகலைத்தான் நான் ஒழித்துக் கட்டினேன்.

எவனோ முன்பின் தெரியாதவனுக்கு லிஃப்ட்ல புது பேட்டரி. கட்டினவளுக்குக் கடிகாரம் துப்பினது. எந்த வாயால அந்த வாட்ச்மேன்கிட்ட அப்படிப் பேசினேன்?

ஏப்ரல் 11, வெள்ளி

வீட்டுக்கு வந்தாயிற்று. மூச்சு நின்ற அந்த நேரத்தில் வலது கை போய்விட்டது. நோய் நுரையீரலுக்கும் வந்திருக்கிறதாம். டாக்டர் அதை என்னிடம் நடைபாதையில் நின்றபடி சொன்னார்.

மணிக்குப் புது பேட்டரி போட்டேன். தீரும் நிலைக்கு வந்தால் எரிகிற மாதிரி ஒரு சிவப்பு விளக்கும் வைத்தேன். பொத்தானை இடது கைப் பக்கம் கட்டிவிட்டேன். அவள் தொடவில்லை. சிலேட்டில் இடது கையால் கோணல்மாணலாக எழுதினாள். எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு நேரம் பிடித்தது.

"டம்ளர்."

மச்சினி ஸ்டீல் டம்ளரைக் கட்டில் சட்டத்தில் கட்டி, ஒரு ஸ்பூனைக் கையில் கொடுத்தாள்.

ஏப்ரல் 16, புதன்

இன்று நானே அவள் கண்ணெதிரில் அழுத்திக் காட்டினேன். "பாரு, அடிக்குதா இல்லையா? சிவப்பு லைட் பாரு! இனிமே நிக்காதுடி, நிக்கவே நிக்காது." கத்தியிருக்கிறேன் போல. மச்சினி கதவோரம் வந்து நின்றாள். கட்டிலில் கிடந்தவள் கண்ணை மூடிக்கொண்டாள். கோபமில்லை, அலுப்பு. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஏப்ரல் 28, திங்கள்

மணியைக் கழற்றிவிட்டேன். சுவரில் ஆணி இருக்கிறது. பிஸ்கட் டப்பாவை அப்படியே குப்பை வண்டியில் போட்டேன்.

மே 6, செவ்வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் அவள் டம்ளரைத் தட்டினால் மொட்டை மாடியில் துணி உலர்த்துகிற மச்சினிக்குக் கேட்கும். போன வாரம் சமையலறை வரைக்கும் வந்தது. இன்று கூடத்தில் நின்றும் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

மச்சினி மெல்லக் கேட்டாள். "அக்கா வேணும்னே மெதுவா தட்டுறாளா மாமா?"

"இல்லம்மா."

டம்ளரை மாற்றிப் பார்த்தேன், மெல்லிசான தகடாக. ஸ்பூனையும் பெரிதாக. பெரிய ஸ்பூன் கையில் நிற்கவில்லை. பழையதையே திருப்பிக் கொடுத்தேன்.

மே 9, வெள்ளி

வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். எத்தனை நாள் என்று மேனேஜர் கேட்டார். தெரியாது என்றேன்.

மே 14, புதன்

பாயை அவள் கட்டிலை ஒட்டிப் போட்டுக்கொண்டேன். கையை நீட்டினால் டம்ளர் எட்டும்.

காலையில் ஸ்பூன் அசைந்தது. சத்தம் வரவில்லை. "இங்கதான் இருக்கேன்" என்றேன். மறுபடி அசைந்தது. பாயிலிருந்து எழுந்து கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.