பெண் கேட்க வந்தவர்களா, வீடு கேட்க வந்தவர்களா

ஜெவிஸ்லி கிராமம்,
தராக்லி.

என் செல்ல மகள் நூர்தெனுக்கு, உன் இரண்டு கண்ணிலும் முத்தமிட்டு அம்மா எழுதுவது. அல்லாவின் கருணையில் நான் நலம், பேத்தி எல்மாஸ் நலம், கோழிகள் நலம், என் முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு இருக்கிறது. ப்ரெமனில் நீயும் மாப்பிள்ளையும் என் ராஜா டெனிஸும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். டெனிஸ் நீச்சலில் மெடல் வாங்கின போட்டோ வந்து சேர்ந்தது. அதை மளிகைக் கடையில் காட்டினேன், ரொட்டி சுடுகிற இடத்தில் காட்டினேன், மசூதி வாசலில் இமாமையும் நிறுத்திக் காட்டிவிட்டேன். இந்தக் குளிரில் பிள்ளையைத் தண்ணீரில் விடுகிறார்களா என்று எல்லாரும் கேட்டார்கள், அது பொறாமை, நீ காதில் போட்டுக்கொள்ளாதே. ஆனாலும் தலையை நன்றாகத் துவட்டிவிடு.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம்தான். மளிகைக் கடைப் போனில் பேசினால் என் பின்னால் ஊரே வரிசையில் நிற்கும். அடாபஸாருக்குப் போய் உன் அண்ணன் ஹிக்மெத் வீட்டில் பேசினால் அவன் பக்கத்தில் நின்று இருமிக்கொண்டிருப்பான். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான் நான், ஆனால் எழுதினால் குறுக்கே யாரும் பேச முடியாது. நம் வீட்டை விற்பது என்று பெருநாளுக்கு நாம் மூன்று பேரும் பேசி முடிவு செய்தோம் இல்லையா, அதில் நான் பின்வாங்கவில்லை. மாடிப்படி என் முழங்காலுக்கு ஆகவில்லை, கணப்புக்கு விறகு சுமக்கவும் முடியவில்லை. உன் அப்பா போனபின் பத்திரத்தில் நம் மூன்று பேர் பெயரும் இருப்பதால், யாருக்கு விற்றாலும் மூன்று கையெழுத்து வேண்டும். அதனால்தான் நடந்ததை ஒன்றுவிடாமல் உனக்கு எழுதுகிறேன்.

முதலில் அங்காராவிலிருந்து ஒரு ஓட்டல்காரர் வந்தார், ஹிக்மெத் கூட்டிவந்தவர். நல்ல மனிதர்தான், எனக்கு ஒரு பெட்டி லோக்கும் மிட்டாய்கூட வாங்கிவந்தார். ஆனால் மனிதர் வீட்டுக்குள் வரவேயில்லை. நேரே தோட்டத்துக்குப் போனார், வாதுமை மரத்திலிருந்து ஓடைவரை நடந்தார், இங்கே எத்தனை பஸ் நிற்கும் என்று கூட வந்த ஆளிடம் கணக்குப் பார்த்தார். அந்தச் சீமைமாதுளை மரங்கள் எல்லாம் போய்விடுமாம். சரி, வீட்டை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். மரச்சட்டம் போட்டுப் பச்சைச் செங்கல் அடைத்த பழைய வீடு, இடிக்கக் கூடாது என்று அரசாங்கம் பதிவு செய்து வைத்திருக்கிறதே, தெரியுமா என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தொடக் கூடாதுன்னுதானே பெரியம்மா சட்டம்? நான் தொடவே மாட்டேன். மழை பாத்துக்கும்."

ஹிக்மெத் இதைக் கேட்டும் சும்மாதான் நின்றான். அவனைத் தப்பாக நினைக்காதே, நான் ஏறி இறங்கச் சிரமப்படாமல் இருக்க லிப்ட் வைத்த வீடாகத் தேடுகிறான், அதற்குப் பணம் வேண்டும், ஓட்டல்காரர் கொடுப்பதோ யாரும் கொடுக்காத விலை. எனக்கு இது புரியாமல் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார். உன் தாத்தாவின் அப்பா கட்டின வீடு ஒழுகி ஒழுகித் தானாகச் சாயட்டும் என்று நானே கையெழுத்துப் போடுவதா என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது கேள், வேடிக்கையை. புதன்கிழமை மத்தியானம் ஒரு கார் வந்து நின்றது. முதலில் தலைமுடியை அழகாக வாரின ஒரு அம்மாள் இறங்கினாள், பின்னால் கோட்டு போட்ட ஒரு பையன். அம்மாள் கையில் பூங்கொத்து, பையன் கையில் வெள்ளித் தட்டில் ரிப்பன் கட்டின சாக்லேட். எதிர்வீட்டு ஃபித்னத்தைத்தான் உனக்குத் தெரியுமே, ஜன்னலிலேயே குடியிருப்பவள். பூவும் சாக்லேட்டும் சேர்ந்து வந்தால் நம் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தானே. எல்மாஸைப் பெண் கேட்க வந்துவிட்டார்கள் என்று பின்வாசல் வழியாக ஓடிவந்து அடுப்படியைப் பிடித்துக்கொண்டாள். எல்மாஸ் அன்றைக்கு சுகாதார நிலையத்தில் லீவு போட்டுவிட்டு, தலையில் மருதாணி அப்பி, என் பழைய பைஜாமாவில் உட்கார்ந்திருந்தாள். "அடிப்பாவி, தலையைக் கழுவுடி" என்று ஃபித்னத் அவளைக் கிணற்றடிக்குத் தள்ளிவிட்டுத் தானே காபி போட்டாள். போட்டவள் சும்மா இருந்தாளா, மாப்பிள்ளைக்குக் கொடுக்கிற வழக்கப்படி அந்தப் பையன் கோப்பையில் மட்டும் உப்பை அள்ளிப் போட்டுவிட்டாள். முகம் சுளிக்காமல் குடிக்கிறானா பார்க்க வேண்டுமாம்.

எனக்கும் ஒன்றும் புரியவில்லை. பேத்தியைப் பார்க்க ஆள் வந்தால் எனக்குப் பெருமை இல்லாமல் இருக்குமா, நானும் நிமிர்ந்து உட்கார்ந்து, பையன் என்ன வேலை, சிகரெட் உண்டா, அம்மாவோடு இருக்கிறானா என்று விசாரித்துவிட்டேன். பையன் பெயர் ஒர்ச்சுன், தராக்லி பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்த வாத்தியார். அம்மா பெயர் பெல்கிஸ், இஸ்தான்புல்லில் தையல் கடை வைத்திருந்தவள், புருஷன் இல்லை. கேட்டதற்கெல்லாம் பையன் பணிவாகப் பதில் சொன்னான், அந்தக் காபியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தான், கண்ணில் தண்ணீர் வந்ததைத் தும்மல் என்று சமாளித்தான். இந்த ஊர்க் காபி இப்படித்தான் போல என்று நினைத்தானாம் பாவம். அப்புறம் பெல்கிஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு, நல்ல காரியமாக வந்திருக்கிறோம், உங்கள் மனசு இருந்தால் எங்களுக்குக் கொடுக்க வேண்டும், தோட்டத்தோடு சேர்த்து, என்றாள். கதவுக்குப் பின்னாலிருந்து ஃபித்னத் கேட்டாள் பார், "தோட்டமா? பொண்ணு வேணாமா?"

நூர்தென், அப்படி நான் சிரித்து வருஷங்கள் ஆகிறது. வீடு விலைக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டு வந்தவர்கள்தான், வயசான மனுஷி இருக்கிற வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாதே என்று பெல்கிஸ் பூவும் சாக்லேட்டும் வாங்கியிருக்கிறாள், வேறு எதுவும் அவள் மனசில் இல்லை. பையன் காது சிவந்துபோய்விட்டது. எல்மாஸ் ஈரத் தலையோடு வந்து, கவலைப்படாதீங்க சார், எனக்கு இப்போ கல்யாணம் பண்ற யோசனையே இல்லை என்று அவனுக்கு நல்ல காபி கொண்டுவந்து கொடுத்தாள்.

சிரித்து முடிந்தபின்தான் எனக்கு ஒன்று தோன்றியது. பெண்ணைக் கொடுப்பதற்கு முன்னால் எவ்வளவு பார்க்கிறோம், இந்த வீட்டைக் கொடுக்க ஏன் பார்க்கக் கூடாது? ஓட்டல்காரருக்கு வேண்டியது சீர்வரிசை மட்டும், பெண் செத்தால் அவருக்கு நல்லது. அதனால் பெண்வீட்டார் சொல்கிற மாதிரியே, யோசித்துச் சொல்கிறோம், இன்னொரு தரம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். மறுநாள் வெள்ளித் தட்டைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் நானும் ஃபித்னத்தும் பஸ் ஏறி அவர்கள் வாடகை வீட்டுக்கே போய்விட்டோம். வாசலில் வீட்டுக்காரர் எங்களைப் பிடித்துக்கொண்டு ஒரே புலம்பல். ஏன் தெரியுமா, எண்ணெய் டின், தயிர் வாளி, உடைந்த பானை என்று கிடைத்ததில் எல்லாம் மண் போட்டு அந்த அம்மாள் தக்காளி வைத்திருக்கிறாள். பால்கனி நிறைந்து, மாடிப்படி நிறைந்து, வீட்டுக்காரர் ஏற வழியில்லை. ஃபித்னத் என் இடுப்பில் குத்தி, "அக்கா, இவளுக்குக் கொடுக்கலேன்னா நீ மனுஷியே இல்ல" என்றாள்.

வெள்ளிக்கிழமை ஹிக்மெத்தும் வந்திருந்தான், அவர்களும் வந்தார்கள். இஸ்தான்புல் வீட்டை விற்று வருகிற பணம்தான் அவர்களிடம் இருப்பது, ஓட்டல்காரர் சொன்னதைவிடக் கணிசமாகக் குறைவு, உன் பங்கும் அந்த அளவு குறையும், மறைக்கவில்லை. ஹிக்மெத் எழுந்து வெளியே போய் இருமிவிட்டு வந்தான். லிப்ட் வீடு என்ன ஆகும் என்று கேட்டான். தரைத்தளத்தில் பாருடா, எனக்கு மேலே என்ன வேலை என்றேன். அப்புறம், நூர்தென் சரி என்றால் நானும் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டான். நான் அவர்களைப் பார்த்து, "கொடுத்தோம்" என்றேன். பெல்கிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பெண்ணைப் பெற்றவளுக்குத் தாய்ப்பாலுக்கு ஈடாக ஏதாவது கேட்கிற உரிமை உண்டே அக்கா, கேளேன் என்று ஃபித்னத் தூண்டிவிட்டாள். பணம் வேண்டாம், வடக்குப் பக்கம் கூரை ஒழுகுகிறது, மழைக்கு முன்னால் ஓடு மாற்றிக் கொடுங்கள், என்றேன்.

உனக்கு என் துவா எப்போதும் உண்டு மகளே, நீ தொட்டது துலங்கட்டும், டெனிஸ் மலைபோல வளரட்டும், மாப்பிள்ளைக்கு என் சலாம். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி தனியாக அனுப்பியிருக்கிறேன், பெரியது மாப்பிள்ளைக்கு. விற்கச் சம்மதம் என்று நம் தூதரக அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால் போதுமாம், அடையாள அட்டையை மறக்காமல் எடுத்துப் போ. உனக்கு மனசில்லை என்றால் அதையும் தைரியமாகச் சொல், அவர்களிடம் நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன், உன்மேல் வருத்தம் இருக்காது. நிதானமாக யோசி, ஒரு அவசரமும் இல்லை. அந்த வாத்தியார் பையன்தான் சொன்ன சொல் தவறாதவன், சனிக்கிழமை காலையிலேயே ஏணியோடு வந்துவிட்டான். பாதிக் கூரையைப் பிரித்து ஓடுகளையெல்லாம் முற்றத்தில் இறக்கி வைத்திருக்கிறான். இந்தப் பக்கம் மேகம் கொஞ்சம் கறுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

உன்னைப் பெற்றவள், டெனிஸின் பாட்டி,
நஃபியே