கர்மோவைக் குட்டை என்று எழுதிய கை

அன்பு மகள் திஸ்கித்துக்கு அம்மா எழுதுவது. மும்மணியின் கருணையால் நானும் அப்பாவும் குறையில்லாமல் இருக்கிறோம், கீழ்நாட்டு வெயில் உன்னை வாட்டக் கூடாது என்று தினமும் வெண்ணெய் விளக்கு ஏற்றி வேண்டிக்கொள்கிறேன். பார்லி ஒரு சாண் வளர்ந்துவிட்டது, அப்பாவின் முழங்கால் வலி தேவலை. நல்ல சேதி இவ்வளவுதான், மற்றதைக் கேள்.

போன வாரம் லாரியில் ஒரு பொலிகுதிரை வந்து இறங்கியது. அப்பாவின் நெற்றி உயரத்துக்கு அதன் முதுகு. கூட வந்த ஆள் ஊரைக் கூட்டி உன் கால்நடை அலுவலகத் தாளை வாசித்தார். சன்ஸ்கார் பள்ளத்தாக்குக் குதிரை குட்டை, நடை கோணல், உயர ஜாதியோடு சேர்த்து இனத்தைத் திருத்த வேண்டும் என்று இருந்தது, கீழே உன் கையெழுத்து. நடை கோணலா? ஒரு பக்கத்துக் கால்கள் இரண்டையும் சேர்த்து வைத்து அலுங்காமல் போகுமே, அந்த நடையில்தான் எட்டு மாதக் கருவாக உன்னை வயிற்றில் சுமந்துகொண்டு குதிரைமேல் கணவாயைக் கடந்தேன். உன் தாத்தா காலத்தில் உப்பு மூட்டை சுமந்ததும் இந்தக் குட்டைகள்தான். உறைந்த ஆற்றில் பனி மெலிந்த இடத்தை மோந்தே அறிந்து நின்றுவிடும், அடித்தாலும் கால் வைக்காது. எழுத்து நானாகக் கற்றது, உன்னைப் போலப் பட்டம் வாங்கவில்லை, ஆனால் காணாததை நான் எழுதியதில்லை. வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து என் நோட்டில் இருபத்தொரு குட்டிகள் இருக்கின்றன, ஒன்றை ஓநாய் கொண்டுபோயிற்று, ஒன்று பிறக்கும்போதே போயிற்று, குளிரில் செத்தது ஒன்றுகூட இல்லை. நம் பெட்டைக் குதிரை கர்மோ பதினாலு வயதுச் சின்ன உடம்புக்காரி, அந்த மலை போன்றதன் குட்டியை அவள் எப்படி ஈனுவாள்? ஈன்றாலும் பனியைக் கிளறிப் புல் தின்ன அதற்குத் தெரியுமா?

பெட்டைகளைப் பட்டிக்குக் கொண்டுவரச் சொன்னார் அந்த ஆள். அடுத்த வீட்டு யாங்ஜோம் எழுந்து, “மாப்பிள்ளை நல்ல உசரம்தான். பொண்ணு வேணும்னா மேல ஏறி வந்து கேக்கச் சொல்லு” என்றாள். மறுநாளே நாங்கள் பெண்கள் சேர்ந்து பதினோரு பெட்டைகளையும் மேல் புல்வெளிக்கு ஓட்டிவிட்டோம். அவர் குதிரையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். இரண்டாவது வளைவில் அது விலா துடிக்க நின்றுவிட்டது, அவர் அதைவிட மோசமாக மூச்சு வாங்கினார். பாவம், வாயில்லா ஜீவன், மாவு கரைத்து வைத்தேன், அதற்கும் சேர்த்து விளக்கேற்றுகிறேன். கோபம் அதன்மேல் இல்லை.

இப்போது பௌர்ணமிக்குள் பெட்டைகள் இறங்காவிட்டால் ஊர்க் கால்நடைகளுக்குத் தடுப்பூசி வராது என்று மிரட்டுகிறார். அப்பா மனம் தளர்ந்து, “நாமளே மறுத்தா பொண்ணு பேரு கெட்டுப்போகாதா?” என்றார். “அவ பேருக்காகக் கர்மோ சாகணுமா?” என்று கேட்டேன், அவர் ஜெபமாலையை எடுத்துக்கொண்டார். ஊர்க்கூட்டத்திலும் என் முடிவைச் சொல்லிவிட்டேன்: கையெழுத்துப் போட்டவளே வந்து கர்மோவின் கயிற்றைப் பிடித்து இறக்கிக்கொண்டு போகட்டும், நான் தடுக்க மாட்டேன். மனசு வராவிட்டால் மேல் புல்வெளியில் மேய்கிறவளைப் பார்த்துவிட்டு, பார்த்ததை அந்தத் தாளில் எழுது.

நீ நீண்ட ஆயுளோடும் தெளிந்த புத்தியோடும் இரு. காலை ஜெபத்தை விட்டுவிடாதே, மோரை மறக்காதே. பௌர்ணமிக்கு முன் வந்து சேர், நல்ல பூட்ஸாகப் போட்டுக்கொள். உனக்குக் குதிரை அனுப்ப மாட்டேன்.

உன் அம்மா,
குன்சங் யாங்தோல்