நிறம் சொல்லாத வேண்டுதல்

ஜனவரி 11, சனி

இன்று கடையில் பதினொரு தலை. ஜனவரியின் இரண்டாவது சனி, குழந்தைகள் தினமாம், ஊரில் உள்ள அம்மாக்கள் எல்லாரும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு முடிவெட்ட வந்துவிட்டார்கள். கை ஓய்ந்து உள்ளே வந்தால் சாப்பாட்டு மேசையில் சோறு இல்லை, காகிதம்! கிரஹாம், எங்கள் மகன் தவனுக்கான பிரிட்டிஷ் குடியுரிமை விண்ணப்பத்தை மேசை முழுக்கப் பரப்பி வைத்திருக்கிறார். அதற்குப் பக்கத்தில் தவனின் படை அழைப்பு. ஏப்ரல் 4, காலை ஏழு மணிக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் சீட்டெடுக்க வேண்டும். சிவப்பு வந்தால் இரண்டு வருஷம் பட்டாளம், கறுப்பு வந்தால் வீடு.

"லமாய், நம்ம கல்யாணத் தேதி என்ன?" என்று கேட்டார். பறங்கிக்குத் தாய்லாந்தில், இந்த உதோனில், இருபத்திரண்டு வருஷம் ஆகியும் இது ஞாபகமில்லை.

தேதி எதற்கு? ஒன்பது பிக்குகள் வந்தார்கள், நானூறு பேர் சாப்பிட்டார்கள், முழங்கை வரை வெள்ளை நூல் கட்டினார்கள். ஆனால் மாவட்ட ஆபீசுக்குப் போய் ஒரு கையெழுத்துப் போடவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றே இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. அதனால் இங்கிலாந்தின் கணக்கில் நாங்கள் ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு பேர். அன்றைக்கே பதிந்திருந்தால் தவன் பிறக்கும்போதே அந்த ஊர்க்காரன். இப்போது விண்ணப்பம் போட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது.

"ஆக, நான் கல்யாணமாகாத பொம்பளையா?" என்றேன்.

"ஆமா. பேசாம இன்னொரு தடவை கேக்கட்டுமா?" என்று முட்டி போடப் போனார். அறுபத்து மூன்று வயது முட்டி. எழுப்பிவிட நானும் தவனும் சேர்ந்து இழுத்தோம்.

ஜனவரி 20

விண்ணப்பம் போய்விட்டது! பிறப்புச் சான்றில் அப்பா பெயர் கிரஹாம் என்று அன்றே எழுதியது புண்ணியம். தவன் விசில் அடித்துக்கொண்டே திரிகிறான். பிரிட்டிஷ் ராணுவத்தில் அப்பா லாரி பழுது பார்த்த அதே பிரிவில் சேர வேண்டுமாம். இங்கே இரண்டு வருஷம் சிப்பாயாக இருக்கப் பயப்படுகிறான், அங்கே பன்னிரண்டு வருஷம் சிப்பாயாக இருக்கத் துடிக்கிறான். கேட்டால், "அங்க பெரிய எஞ்சின் இருக்கும்மா" என்கிறான்.

பிப்ரவரி 4

கடையில் இன்று முழுக்க இதே பேச்சு. தலைக்குச் சாயம் போட வந்த எல்லாரும் சட்ட நிபுணர்கள். "பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கைக்கு வந்துட்டா நம்ம பட்டாளம் தொடாது" என்கிறாள் ஒருத்தி. "தாய்லாந்து குடியுரிமையை எழுதிக் கொடுத்துடு, ஒரேயடியா தொல்லை விட்டுச்சு" என்கிறாள் இன்னொருத்தி. எழுதிக் கொடுத்தால் இந்த வீடும் மனையும் யாருக்கு? பறங்கி பேரில் மண் எழுத முடியாது என்பதால்தான் எல்லாம் என் பேரில் இருக்கிறது. மகனும் பறங்கியாகிவிட்டால் எனக்குப் பிறகு மாமரம்தான் வாரிசு.

நாளை நேரிலேயே கேட்டுவிடுகிறேன்.

பிப்ரவரி 5

படைப்பதிவு அதிகாரி நல்ல மனிதர். நான் சொன்னதெல்லாம் கேட்டார், தேநீர்கூடக் கொடுத்தார். கடைசியில் சொன்னார்: "அக்கா, உங்க பையன் பத்து நாட்டுப் பிள்ளையா இருந்துட்டுப் போகட்டும். வீட்டுப் பதிவேட்டுல பேர் இருக்கு, இங்க பொறந்தான், இங்க வளந்தான். நமக்கு அவன் நம்ம பையன். நாலாம் தேதி வந்துரணும்."

"வரலைன்னா?"

"வரலைன்னா, அப்புறம் அம்மாவைப் பாக்க வர்றப்பல்லாம் பயந்து பயந்து வரணும்."

பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் மாணவர் படைப் பயிற்சி எடுத்திருந்தால் இந்தச் சீட்டே கிடையாது. எடுக்கவில்லை. ஏன்? முடியை ஒட்ட வெட்டச் சொன்னார்களாம்! முடிவெட்டுகிறவள் பெற்ற பிள்ளை.

மார்ச் 2, ஞாயிறு

இதை வேறு எங்கே எழுதுவது? இங்கேதான்.

ஊரின் காவல் தூணைச் சாமியாகக் கும்பிடும் ஊர்த்தூண் கோயிலுக்குப் போனேன். கூடவே கிரதே. பத்து வருஷமாக என் கடையில் வேலை செய்கிறாள், எனக்குத் தங்கை மாதிரி. மார்ச் மாதம் அந்தக் கோயிலில் நிற்க இடமில்லை, எல்லாம் பையன் பெற்றவர்கள். என் இடப்பக்கம் ஒருத்தி, "கறுப்பு வரட்டும் சாமி, நூறு அவிச்ச முட்டை" என்று சத்தமாகவே வேண்டுகிறாள். வலப்பக்கத்துக்காரி பன்றித்தலைக்கே போய்விட்டாள். நான் ஊதுபத்தியைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டேன். "என் பையனுக்கு…" என்றேன். அதற்கு மேல் வாய் வரவில்லை.

கறுப்பு வந்தால் அவன் போய்விடுவான். சிவப்பு வந்தால் முகாம், வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் இருபது நிமிஷம். ஞாயிற்றுக்கிழமை போனால் பார்க்கலாம், கோழி சுட்டுக்கொண்டு போகலாம், ஒட்டரிசிச் சோறு கட்டிக்கொண்டு போகலாம். இரண்டு வருஷத்தில் மனசு மாறாதா? ஒரு பெண்ணைப் பிடித்துப் போகாதா?

"நல்லது எதுவோ அதைக் குடு" என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

வெளியே வந்ததும் கிரதே பிடித்துக்கொண்டாள். "என்னக்கா, கலரே சொல்லல? சாமி என்ன ஜோசியரா, தானா கண்டுபிடிக்க?"

"மனசுல சொன்னேன்."

"மனசுல என்ன கலர்?"

வாயை மூடிக்கொண்டு வண்டியைக் கிளப்பு என்றேன். பெற்ற பிள்ளைக்குப் பட்டாளம் வரட்டும் என்று நினைக்கிறேனே, நானெல்லாம் ஒரு தாயா? ஆனால் நினைக்கிறேன். பொய் எழுத மாட்டேன்.

மார்ச் 19

கிரதே தன் சீட்டு நாள் கதையை எடுத்துவிட்டாள். பிறப்புப் பதிவில் அவள் ஆண், அதனால் அவளுக்கும் அழைப்பு வந்திருக்கிறது. இருபத்தொரு வயதில் இடுப்பு வரை முடியும் உதட்டுச்சாயமுமாக, டாக்டர் சான்றிதழோடு போய் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். சட்டையைக் கழற்றச் சொல்லிக்கொண்டே வந்த சிப்பாய் இவளிடம் வந்ததும் திக்கிப்போனானாம்.

"நானே கேட்டேன்க்கா, 'என்ன தம்பி, வேர்க்குதா?'ன்னு. ஆபீசர் ஓடி வந்து, 'அக்கா, நீங்க நிழல்ல உக்காருங்க'ன்னாரு. அன்னிக்கு மைதானத்துல எனக்குத்தான் நிறைய கைதட்டு!"

தவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் சிரித்தே பல நாள் ஆயிற்று. பயம்தான், சொல்ல மாட்டான்.

ஏப்ரல் 3

நாளை. கிரஹாம் ஒரே சட்டையை இரண்டு முறை இஸ்திரி போட்டார்.

ஏப்ரல் 4, வெள்ளி

இன்றைக்கு நடந்ததை முழுக்க எழுதியாக வேண்டும்.

ஆறு மணிக்கே மைதானம் நிரம்பிவிட்டது. திருவிழாதான் – ஐஸ் தண்ணீர், பொரித்த உருண்டை, தாயத்து விற்கிறவன்கூட வந்திருந்தான். பையன்கள் உள்ளே, நாங்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம். எல்லாருக்கும் மேல்சட்டை இல்லை, கையில் பேனாவால் எண். தவனுக்கு 143. உயரம் பார்த்து, மார்பு அளந்து, எல்லாரையும் தரையில் வரிசையாக உட்காரவைத்தார்கள். என் பையன் ஒருவன்தான் எல்லாரையும்விட ஒரு சாண் உயரம், உட்கார்ந்தாலும் தெரிகிறான்.

அதிகாரி ஒலிபெருக்கியில் சொன்னார்: "தேவை தொண்ணூத்தாறு பேர். விருப்பப்பட்டு வர்றவங்க இப்பவே எந்திரிங்க. தவன் மாதிரி தொழிற்படிப்பு முடிச்சவங்களுக்கு" – இல்லை, தவன் மாதிரி என்று அவர் சொல்லவில்லை, என் காதில் அப்படி விழுந்தது – "படிச்சவங்களுக்கு ஒரே வருஷம். சீட்டுல சிவப்பு வந்தா ரெண்டு வருஷம். யோசிச்சுக்குங்க."

ஒவ்வொருத்தராக எழுந்தார்கள். கைதட்டல். அறுபது, அறுபத்தைந்து, எழுபத்தொன்று.

அப்போது தவன் திரும்பிப் பார்த்தான். அத்தனை கூட்டத்தில் நேராக என்னை. ஒரு கையைத் தரையில் ஊன்றியிருந்தான், எழுந்திருக்கப் போகிறவன் மாதிரி. சிரிக்கவும் இல்லை, பயந்த மாதிரியும் இல்லை. சும்மா பார்த்தான்.

நான் கத்தினேன். "டேய்! உக்காருடா!"

எங்கிருந்து வந்தது அந்தக் குரல்? மைதானமே திரும்பிப் பார்த்தது. அதிகாரி ஒலிபெருக்கியிலேயே, "அம்மா உத்தரவு வந்தாச்சு, உக்காருப்பா" என்றார். எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். தவனும் சிரித்தான். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

பிறகு சீட்டு. பெட்டிக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு, அதில் சிவப்பு இருபத்தைந்து. ஒருவன் எடுப்பான், அதிகாரி பிரித்துக் காட்டுவார். கறுப்பென்றால் இந்தப் பக்கம் ஆட்டம், சிவப்பென்றால் யாரோ ஓர் அம்மா அப்படியே உட்கார்ந்துவிடுவாள். என் பக்கத்தில் நின்றவளின் மகனுக்குச் சிவப்பு. அவளுக்கு நான் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே 143 என்று கூப்பிட்டுவிட்டார்கள்.

"கறுப்பு! கறுப்பு! கறுப்பு!" – யாரோ தொண்டை கிழியக் கத்துகிறார்கள் என்று பார்த்தால் நான்தான். கிரஹாம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கிரதே என் தோளைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

கறுப்பு!!!

குதித்தேன். கயிற்றைத் தாண்டினேன். யாரென்றே தெரியாத ஒரு சிப்பாயைக் கட்டிப்பிடித்தேன். ஒரு செருப்பு எங்கே போயிற்றென்று இன்னும் தெரியவில்லை.

ஏப்ரல் 5

தொண்டை கட்டிவிட்டது. வந்தவர்களிடமெல்லாம் சைகையில்தான் விலை சொன்னேன்.

ஏப்ரல் 6

சந்தோஷம் எல்லாம் சரி. ஆனால் அவன் போகப்போகிறான், இல்லையா?

ஜூன் 17

கிரஹாம் தன் ஊர் ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்குத் தொலைபேசினார். முகம் தொங்கிப்போய் வந்தார். இரண்டு குடியுரிமை இருப்பது தடையில்லையாம், ஆனால் அந்த நாட்டில் எத்தனை வருஷம் வாழ்ந்திருக்கிறான் என்று கேட்டார்களாம். சேருவதற்கு முன்னால் சில வருஷமாவது அங்கே குடியிருந்திருக்க வேண்டுமாம். நம் பையன் வாழ்ந்தது சுழியம்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். முகத்தை வெகு கவலையாக வைத்துக்கொண்டேன்.

தவன் ஒரு நிமிஷம்தான் யோசித்தான். "அப்ப போய் வாழ்ந்துட்டாப் போச்சு. அத்தை வீட்டுக்காரர் பட்டறையில ஆள் வேணும்னாங்களே!" கிரஹாமின் தங்கை கணவருக்கு அங்கே ஒரு வண்டிப் பட்டறை இருக்கிறது. துள்ளல் அடங்கிவிட்டது. இவன் நிற்கப் போகிறவன் இல்லை.

ஆகஸ்ட் 28

குடியுரிமைப் பதில் வந்துவிட்டது! கடையில் பாதித் தலைக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தேன். தவன் கைபேசியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறான், "அம்மா, ஏத்துக்கிட்டாங்க, ஏத்துக்கிட்டாங்க!" என்னைத் தூக்கிச் சுற்றியதில் என் கையிலிருந்த தூரிகையால் அவன் கன்னம் முழுக்கச் சாயம். நாற்காலியில் இருந்த அம்மாள் பாதிக் கறுப்பும் பாதி வெள்ளையுமாகக் கைதட்டினாள். கிரஹாம் அழுதார். இந்த மனிதர் அழுது நான் பார்த்ததில்லை.

செப்டம்பர் 23

பாங்காக். உறுதிமொழி எடுக்கும் சடங்கு. தவன் கோட்டு போட்டிருந்தான், அதன் கை நீளம் போதவில்லை. கணீரென்று சொன்னான். எனக்குப் பாதிதான் புரிந்தது, ஆனாலும் தப்பு வருகிறதா என்று வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும் முதல் காரியமாக, "அம்மா, பசிக்குது, பப்பாளிக்காய் இடிச்சுக் குடுக்கிற கடை எங்க?" என்றான். காரம் தூக்கலாக இரண்டு தட்டு தின்றான். என்ன சந்தோஷம் எனக்கு!

அக்டோபர் 12, ஞாயிறு

போய்விட்டான்.

விமான நிலையத்துக்கு நானும் அவனும் மட்டும் வண்டியில். கிரஹாம் பின்னால் பெட்டிகளோடு கிரதேயின் காரில். சிக்னலில் நிற்கும்போது தவன் சொன்னான்:

"அம்மா, அன்னிக்கு மைதானத்துல திரும்பிப் பாத்தேனே, ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம? எந்திரிக்கப் போனியே, மடையா."

"நீ தலையாட்டினா எந்திரிக்கலாம்னுதான் பாத்தேன்."

பச்சை விழுந்துவிட்டது. பின்னால் ஒலி எழுப்புகிறார்கள். நான் வண்டியை எடுக்கவில்லை.

"நீ கோயில்ல கலர் சொல்லலன்னு கிரதே அக்கா சொல்லிட்டாங்க. அப்பவே புரிஞ்சுது. ஒரு வருஷம் பக்கத்துலயே இருந்துட்டுப் போகலாம்னு நெனச்சேன். உன்கிட்ட கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவ, பொய்யா. அதனால கேக்காம, மொகத்தைப் பாத்தேன்."

"நான்… நான் உக்காருன்னு கத்தினேனே."

"ஆமா. மொத்த மைதானத்துக்கும் கேட்டுச்சு." சிரித்தான். "அது பொய் இல்லன்னு தெரிஞ்சுது. வண்டியை எடும்மா."

எடுத்தேன். அதற்கப்புறம் கடைசி வரை என்ன பேசினோம் என்று ஞாபகமில்லை. உள்ளே போகும்போது இரண்டு பாஸ்போர்ட்டையும் சீட்டு விசிறி மாதிரி பிடித்து ஆட்டினான்.

ஒரு தலையாட்டல். அவ்வளவுதான் வேண்டியிருந்திருக்கிறது. ஆட்டியிருந்தால் இன்றைக்கு ஞாயிறு, கோழி சுட்டுக்கொண்டு முகாம் வாசலில் நின்றிருப்பேன். வாரக்கணக்கில் எனக்கே என்ன வேண்டும் என்று தெரியாமல் கிடந்தேனே, அந்த ஒரு நொடியில் என் வாய்க்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

வீட்டுக்கு வந்து அழுதேன். நிறைய அழுதேன். அப்புறம் உளறுவாயி கிரதேயைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் திட்டினேன், அவளும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு, முடிந்ததும் எனக்குத் தலை பிடித்துவிட்டாள்.

அக்டோபர் 13

காலை ஆறரைக்குக் கைபேசியில் அவன் முகம். அங்கே இன்னும் நடுராத்திரிதானாம். குளிரில் மூக்கு சிவந்து, அத்தை கொடுத்த கம்பளிச் சட்டைக்குள் இருக்கிறான். பட்டறையைக் காட்டினான் – என் கடையைப் போல நாலு மடங்கு. "அம்மா, இந்த எஞ்சினைப் பாரு! இதைப் பாரு!" என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போகிறான், எனக்கு ஒன்றும் புரியவில்லை, "அடேயப்பா, அடேயப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். எட்டு மணிக்கு ஒரு தலை வந்தது, அதுவரை பேசினோம்.