தைத்த வயிறும் ஒரு கிண்ணம் சூப்பும்

வீட்டு மகாராணிக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகந்தானே? உன் முட்டிவலி தேவலையா? எனக்குக் குடலில் சின்ன ஆபரேஷன் நடந்து, நல்லபடியாக முடிந்துவிட்டது. முடிந்த பிறகு சொல்கிறேனே என்று திட்டாதே.

தைத்த வயிறாயிற்றே என்று பயந்து, மறுநாள் கொடுத்த சூப்பை நான் தொடவே இல்லை. ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகர் அம்மாள் வந்தார். “பட்டினி கிடந்தா தையல் எப்படிங்க ஆறும்? குடிங்க,” என்று கையைக் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்துவிட்டார். அப்படியே உன்னை உரித்து வைத்தது போன்ற முறைப்பு. கிண்ணம் காலியானது. வயிறும் சமர்த்தாக இருந்தது. அப்போதுதான் எனக்குப் போன உயிர் வந்தது.

நாளை ஆஸ்பத்திரியை விட்டு, வேலைக்காக எடுத்த என் வாடகை அறைக்குத் திரும்புகிறேன். அங்கே முறைக்க ஆளில்லை. உன் தங்கை கல்யாணத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாயே, அந்தப் போட்டோவை அனுப்பு. தட்டுக்கு எதிரே வைத்துக்கொள்கிறேன்.

நர்ஸ் கூப்பிடுகிறார்.

உன் வீட்டுக்காரன்